பவுனுக்கு வந்த பணக்கார அம்மா வேஷம்

பள்ளிக்கூடக் காதல் படங்களில் மழை எப்போது வரும் என்று பவுனுக்கு முன்கூட்டியே தெரியும். பணக்காரப் பையன் ஏழைப் பெண்ணை அவமானப்படுத்திய பிறகு, அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால். இந்திப் படமாகட்டும், தெலுங்காகட்டும், அமெரிக்காவோ கொரியாவோ ஆகட்டும், இந்த ஒரு விஷயத்தில் உலகம் முழுவதும் ஒற்றுமையாக இருப்பதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஆரணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, புனேயில் போபோடிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கணவன் வாசுதேவன் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நிரந்தர வேலை. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மாமனார் கட்டிய இரண்டு அறை வீடு. வீட்டுக்குள்ளேயே குழாய். ஒரே மகள் ராஜஸ்ரீ. அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் சமயத்தில், பாணேரில் ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளியில் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் எடுக்கிறார்கள், வேலை செய்பவர்களின் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். பவுன் மறுநாளே போய் நின்றாள். அன்றிலிருந்து அவள் மாவ்ஷி. புனேயில் பஸ் ஆயாவைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சித்தி என்று அர்த்தம்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை வேலை இல்லை. பஸ்ஸை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு டிரைவர் முகமது ரஃபீக் கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவார். அவர் ஆம்பூர்க்காரர், பவுனைவிட நாலைந்து வயது சின்னவர். பவுன் முன் சீட்டில் போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பாள். எந்த நாட்டுப் படமும் இந்தியில் பேசிக்கொண்டு கிடைத்தது. அவளுக்கு வேண்டியது கொஞ்சம்தான். பள்ளிக்கூடம் இருக்க வேண்டும், பையன் பணக்காரனாக இருக்க வேண்டும், பெண் ஏழையாக இருக்க வேண்டும்.

"ஏன்க்கா, எல்லாப் படத்துலயும் இதேதான நடக்குது? அப்புறம் எதுக்குப் பாக்குறீங்க?" என்று ரஃபீக் ஒரு நாள் பின்னாலிருந்து கேட்டார்.

"நீகூடத்தான் டெய்லி ஒரே ரூட்ல பஸ் ஓட்டற. போரடிக்குதுன்னு வுட்டுட்டியா?" என்றாள் பவுன்.

எல்லாப் படங்களிலும் அவளுக்கு ரொம்பப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. பையனின் பணக்கார அம்மா, பெண்ணின் ஓட்டு வீட்டுக்கு வருவாள். நாற்காலி நுனியில் உட்காருவாள். டீ கொடுத்தால் தொட மாட்டாள். ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்து, "எவ்வளவு வேணும்?" என்பாள். பெண்ணின் அம்மா அந்தக் கவரை எடுத்து அவள் முகத்துக்கு நேராக வீசிவிட்டு ஒரு வசனம் பேசுவாள். அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் பவுனுக்குக் கண் கலங்கிவிடும். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் காரமாகப் பேசியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதனால் தன் சொந்த வசனம் ஒன்றையும் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள்.

ராஜஸ்ரீ பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், அந்த வசனத்துக்கு வேளை வந்துவிட்டதாகப் பவுன் நினைத்தாள்.

பாலேவாடியில் ஒரு உயரமான கட்டடத்திலிருந்து ஏறும் பையன் சூர்யா. ராஜஸ்ரீயின் வகுப்புதான். அப்பா அம்மா இருவரும் கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர்கள். பையன் நல்ல உயரம், கொஞ்சம் குண்டு, மூக்குக் கண்ணாடி. ஒரு நாள் படியில் ஏறும்போது நின்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "ஆன்ட்டி... நீங்க ராஜஸ்ரீ அம்மா... தான?" என்று கேட்டான். கேட்டுவிட்டு முகம் சிவந்து பின்னால் ஓடிவிட்டான்.

பஸ் முழுக்க மாவ்ஷி என்று கூப்பிடும்போது இவன் மட்டும் ஆன்ட்டி. பவுன் ரஃபீக்கைத் திரும்பிப் பார்த்தாள். ரஃபீக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சூர்யா ராஜஸ்ரீயின் பையையும் சேர்த்துத் தூக்கினான். ராஜஸ்ரீ பள்ளிக்குச் செய்து கொண்டுபோக வேண்டிய படங்களெல்லாம் திடீரென்று பளபளவென்று கலரில் அச்சாகி வந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது டப்பா. பவுன் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பாதியை எப்போதும் அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண்ணின் டப்பா, இப்போது கழுவி வைத்தது போல் காலியாக வந்தது. காதலித்தால் பசிக்காது என்றுதான் இந்திப் படங்களில் காட்டுவார்கள். ஆனால் கொரியாப் படங்களில் காதலித்தால் நன்றாகச் சாப்பிடுவார்கள். பவுன் கொரியா பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் நம்ம ராஜிய பாக்கறான்" என்று வாசுதேவனிடம் சொன்னாள்.

"ஒரே கிளாஸ்ல கண்ண மூடிகினா உக்காருவான்? பாக்கட்டும்" என்றான் அவன்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"பவுன்க்கா, சூர்யா அம்மா சுப்ரஜா பேசறனுங்க. சனிக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வர முடியுங்களா? உங்க பொண்ணும் எங்க சூர்யாவும்... அது போன்ல வேண்டாமுங்க, நேர்லயே பேசிக்கலாம்."

  பரீட்சைக்கு முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுப் போகிற மாணவி மாதிரி இருந்தாள் பவுன். பஸ்ஸிலேயே ரஃபீக்கை எழுப்பி ஒத்திகை பார்த்தாள். ரஃபீக்தான் பணக்கார அம்மா.

"எவ்ளோ வேணும்?" என்றார் ரஃபீக், கொட்டாவிக்கு நடுவில்.

"இன்னாய்யா, காய்கறிக்காரன் மாதிரி கேக்கற? கொஞ்சம் திமிரா கேளு."

சனிக்கிழமை பவுன் தன் கல்யாணத்து அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு போனாள். வாசலில் வாச்மேன் பெயர் எழுதி வாங்கி, மேலே போன் போட்டுக் கேட்டு, லிஃப்டைக் காட்டினான். கதவைத் திறந்த சுப்ரஜாவைப் பார்த்ததும் முதல் ஏமாற்றம். முத்துமாலை இல்லை, கூலிங் கிளாஸ் இல்லை. தொளதொளவென்று ஒரு டீ ஷர்ட்டும் பைஜாமாவும். தலையைத் தூக்கிக் கட்டி அதில் பேனாவைச் செருகியிருந்தாள். பவுன் சோபா நுனியில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். சோபா அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க்கா" என்றாள் சுப்ரஜா.

"நீங்க ஒண்ணும் ஆரம்பிக்க வேணாம்மா." பவுன் சோபாவிலிருந்து போராடி எழுந்து நின்றாள். "நாங்க உழைச்சு சாப்பிடறவங்க. எங்க வீடு சின்னதா இருக்கலாம், எங்க பொண்ணு பஸ் ஆயா பொண்ணா இருக்கலாம். ஆனா அவ விலைக்கு இல்ல. அந்தக் கவர எடுத்து உள்ள வெச்சுக்குங்க."

சுப்ரஜா மேஜையைப் பார்த்தாள். பவுனும் பார்த்தாள். மேஜைமேல் டிவி ரிமோட்டும் ஒரு கிண்ணத்தில் பாதாம் பருப்பும் இருந்தன.

"எந்தக் கவருங்க்கா?"

பவுனுக்கு அதற்குமேல் வசனம் இல்லை.

"உக்காருங்க்கா, உக்காருங்க. நான் டப்பா விஷயமா கூப்பிட்டனுங்க" என்றாள் சுப்ரஜா. விஷயம் இதுதான். டாக்டர் சூர்யாவின் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். சுப்ரஜா தினமும் வரகும் முளைகட்டிய பயறும் வேகவைத்துக் கொடுத்து அனுப்பினாள். எடை குறையவில்லை, ஏறியது. சட்டையில் குழம்பு வாசனை வேறு. பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது. பவுன் கட்டிக் கொடுக்கும் கருவாட்டுக் குழம்பு டப்பாவை வகுப்பில் திறக்க ராஜஸ்ரீக்குக் கூச்சம். சூர்யாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவன் தினமும் அவள் டப்பாவைச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

"தூக்கத்துல கருவாடு கருவாடுன்னு சொல்றானுங்க்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் சுப்ரஜா. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

கொஞ்ச நாளைக்குக் காரம் எண்ணெய் குறைத்துக் கட்டிக் கொடுப்பதாகப் பவுன் ஒப்புக்கொண்டாள். கிளம்பும்போது சுப்ரஜா உள்ளே ஓடிப் போய் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "பழைய மிக்ஸிங்க்கா. நல்லா ஓடிட்டு இருந்ததுதான். யாருக்காவது உபயோகமாகட்டும்னு வெச்சிருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

பணத்தை எப்படி மறுப்பது என்று படங்கள் பவுனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தன. பழைய மிக்ஸியை எப்படி மறுப்பது என்று எந்தப் படமும் சொல்லவில்லை. பட்டுச்சேலையில் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். வாச்மேன் பையைத் திறந்து பார்த்து, மறுபடி மேலே போன் போட்டு, கொடுத்தது உண்மைதான் என்று தெரிந்துகொண்ட பிறகே கேட்டைத் திறந்தான்.

அன்று சாயங்காலம் வாசுதேவன் மிக்ஸியைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது, பவுன் நடந்ததைச் சொன்னாள். ராஜஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டாள்.

"மம்மி! சூர்யாவா? அரே, அவனுக்கு என் டப்பா மேலதான் லவ்!"

சிரித்துவிட்டு ட்யூஷனுக்குப் போய்விட்டாள். வாசுதேவனும் சிரித்தான். சிரித்த வேகத்தில் வாயை விட்டான்.

"அவ எதுக்குடி அந்தப் பாலேவாடிக்குப் போறா? அவதான் ஞாயித்துக்கிழமை ஆனா இட்லி வாங்கற சாக்குல..."

அப்படியே நிறுத்திவிட்டு ஸ்குரூவை முறுக்க ஆரம்பித்தான்.

"இட்லியா?" என்றாள் பவுன். "நான் இட்லி ஊத்தினா மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவா அவ. அவ எதுக்கு இட்லி வாங்கப் போறா?"

ரொம்ப நேரம் மறைக்க வாசுதேவனால் முடியவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிரிஜா என்ற பெண் இட்லி வண்டி போடுகிறாள். வேலூர் பக்கத்துக்காரி. புருஷனுக்குத் தூரத்தில் ரஞ்சன்காவ் ஊரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறவன். மகன் மனோஜ் காலையில் சைக்கிள் பின்னால் அலுமினியத் தூக்கைக் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்து இட்லி விற்றுவிட்டு, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிறான். ராஜஸ்ரீ நாலைந்து மாதமாக ஞாயிறு காலையில் அந்த வண்டியில்தான் நிற்கிறாள். இட்லி வாங்க ஒரு நிமிஷம், பேச ஒரு மணி நேரம்.

"உனுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லல?"

"பசங்க பேசிகினுதான் நிக்கறாங்க. தெருவுல, நாலு பேர் பாக்க. நல்ல பையன் வேற."

மனோஜைப் பவுனும் தினமும் பார்த்தவள்தான். காலை பஸ்ஸுக்கு அவள் நடக்கும்போது எதிரே வருவான். மெலிந்த கறுத்த பையன், சுருட்டை முடி, நல்ல சிரிப்பு. அவன் பைக்கில் வந்திருந்தால் பவுனுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். சைக்கிளில் இட்லித் தூக்கோடு வந்ததால் விளங்கவில்லை.

"இட்லி விக்கிற பையனா?" என்றாள்.

"நீதான ஏழைங்க கட்சி? போன்ல பாத்து அழுவியே?" என்றான் வாசுதேவன்.

"அது படம்!"

இரவெல்லாம் அவளுக்குக் கோபம் கொதித்தது. பத்து வருஷமாக விடிவதற்கு முன் எழுந்து பஸ்ஸில் நின்று, மற்றவர் பிள்ளைகள் எடுக்கும் வாந்தியைத் துடைத்து, இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் வாங்கிக் கொடுத்தது இதற்கா? காலையில் ராஜஸ்ரீ எழும்புவதற்குள் மறுபடி அதே பட்டைக் கட்டினாள். எதற்குப் பட்டு என்று வாசுதேவன் கேட்டான். அவள் செருப்பை மாட்டினாள். தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டின் வாசலில் கிரிஜா, வண்டியைப் போடுவதற்கு முன்னால், இட்லித் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரப் பெண்களுக்கே உரிய பெரிய குரல். "வாங்க்கா, ராஜி அம்மாதான? உக்காருங்க" என்று வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பவுன் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

"டீ போடட்டா?"

"டீ எல்லாம் வேணாம்." பவுன் சேலைத் தலைப்பை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நேரா விஷயத்துக்கு வர்றன். என் பொண்ணு இங்கிலீஷ் மீடியம். நாளைக்கு பெரிய கம்பெனில உக்காரப் போறவ. உன் பையன் எங்க, அவ எங்க? எட்டாத எடத்துக்கு ஆசப்பட வேணாம்னு சொல்லி வை. இல்லன்னா நடக்கறதே வேற."

சொல்லி முடித்ததும் அவளுக்கே என்னவோ போலிருந்தது. இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

கிரிஜா தட்டைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு அவள் பேசியது அந்தச் சந்து முழுக்கக் கேட்டது.

"எங்களாண்ட காசு இல்லாம இருக்கலாம்க்கா. மானம் இருக்குது! விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவு ஊத்தற கை இது. யாராண்டயும் போயி நீட்டின கை இல்ல. நீ பட்டு கட்டிகினு வந்தா நான் பயந்துடுவனா? என் பையன் வேர்வைய வித்து சாப்பிடறான். எவன் சோத்தயும் புடுங்கி சாப்பிடல. இந்த வாசல்ல நின்னா நீயும் ஒரு தாயி, நானும் ஒரு தாயி. அதுக்கு மேல பேசறதுன்னா எழுந்து போ!"

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து கை தட்டினாள். பவுனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் இல்லை, பழக்க தோஷத்தில். இந்தக் கட்டத்தில் அவளுக்கு எப்போதும் கண் கலங்கும்.

"இரு, இரு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரொம்ப நல்லா கீது. எந்தப் படம்?"

"படம் இல்லக்கா. நானே சேத்து வெச்சது" என்றாள் கிரிஜா. அவளுக்கும் மூச்சு வாங்கியது. "மத்தியானம் மாவு ஆட்டசொல்ல போன்ல பாப்பன். அப்பலேர்ந்து யோசிச்சு வெச்சன். என் பையன் அழகு வேற. என்னிக்காவது ஒருத்தி பட்டு கட்டிகினு வருவான்னு எனுக்குத் தெரியும்."

பவுன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அந்த ஒருத்தி தானா?

"நானும் ஒண்ணு வெச்சிருந்தன்" என்றாள் மெல்ல. "உன்து மாதிரி வரல."

"அது இருக்கட்டும்க்கா. நீ வரலன்னா நானே உன் வீட்டுக்கு வந்திருப்பன். எனுக்கும் இது புடிக்கல. உன் பொண்ணு என் பையனுக்கு வேணாம்."

பவுன் நாற்காலியில் முழுக்க நிமிர்ந்தாள். "இன்னா சொன்ன? என் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு சொல்லல. ஒரு நாள் வண்டியில நின்னு உதவி பண்றன்னு சட்னிக் கரண்டிய சாம்பார்ல போட்டுச்சு."

"அவ தொண்ணூறு மார்க் வாங்கறவ!"

"மார்க்க போட்டு சட்னி அரைக்க முடியுமா?"

"அரைக்கக் கத்துகினா போச்சு! பெரிய வித்தையா அது? அவ மாதிரி பொண்ணு கெடைக்க உன் பையன் குடுத்து வெச்சிருக்கணும்!"

"என் பையனுக்கு மட்டும் இன்னா? அவன் மாதிரி பையன் பாலேவாடி முழுக்கத் தேடினாலும் கெடைப்பானா?"

"நல்ல பையன்தான். நான் எங்க இல்லன்னு சொன்னன்?"

"அப்ப கல்யாணம் எப்போ?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"பசங்க பத்தாவது படிக்குது, வாய மூடு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் அவள்மேல் பாய்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மனோஜ் காலித் தூக்கோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பவுனின் பட்டையும் அம்மாவின் முகத்தையும் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, சண்ட போடாதீங்க. நாங்க பேசறதே இல்ல. ரெண்டு வாரம் ஆச்சு."

"ஏன்?" என்று இரண்டு அம்மாக்களும் கேட்டார்கள். இருவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

"கேம்ப்ல, அந்தப் பெரிய கடைத்தெருவாண்ட, சர்ச் விழாவுக்கு இட்லி எடுத்துகினு போனன்ல? ராஜி ஸ்கூல் பசங்களோட ஷூ வாங்க வந்துது. நான் தூரத்துலேர்ந்து கை காட்டினன். கிட்ட வந்துச்சு." அவன் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டான். "வந்து, 'பய்யா, இட்லி எவ்ளோ?'ன்னு இந்தில கேட்டுச்சு. தெரியாத கடைக்காரன அண்ணான்னு கூப்பிட்டு கேக்கற மாதிரி."

"நீ இன்னாடா பண்ண?"

"விலைய சொன்னன். அந்தப் பசங்க எல்லாருக்கும் பிளேட் குடுத்தன்."

"சட்னி?" என்றாள் கிரிஜா.

"குடுத்தன். எக்ஸ்ட்ராவா."

கிரிஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

பவுனால் அந்தப் பையனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் இந்தக் காலையில் பட்டுக் கட்டிக்கொண்டு வந்து இவ்வளவு நீளமாகச் சொன்னதை, அவள் பெண் கேம்பில் மூன்றே வார்த்தையில் சொல்லி முடித்திருந்தாள்.

"டீ போடறியா?" என்று கிரிஜாவிடம் கேட்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

ராஜஸ்ரீ பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கேம்ப்ல அந்தப் பையனாண்ட இன்னாடி கேட்ட?"

பிரஷ் வாயிலேயே நின்றது.  ராஜஸ்ரீ நுரையோடு அழ ஆரம்பித்தாள். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருந்தாங்க மம்மி. எனக்கு... என்ன சொல்றது... டக்குன்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் இட்லி உள்ளயே போகல. நைட் ஃபுல்லா நீந்த்... தூக்கமே இல்ல. சாரி சொல்லணும்னு போனேன். அவன் ஹார்ன் அடிச்சிட்டு நிக்காம போய்ட்டான்."

பவுன் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள். ஆனால் குழாயடியில் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனுக்கும் அப்படித்தான்டி வந்துது. டக்குன்னு" என்றாள். "இன்னிக்கு நான் அவங்க வீட்டுக்குப் போயி இன்னா பேசினன் தெரியுமா?"

சொன்னாள். எட்டாத இடம், பெரிய கம்பெனி, எல்லாம் ஒன்றுவிடாமல். ராஜஸ்ரீயின் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"மம்மி! நீ அங்க போனியா? இந்தப் பட்டுல?"

தான் செய்ததைவிட இது பெரிய அவமானம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரம் அம்மாவும் பெண்ணும், யார் செய்தது அதிக மோசம் என்று குழாயடியில் நின்று வாதாடினார்கள். வாசுதேவன் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் ரிப்பேர் செய்த மிக்ஸியில் சட்னி அரைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜஸ்ரீ, கேம்புக்கு வந்த அதே தோழர்களைப் போபோடிக்குக் கூப்பிட்டாள். சூர்யா எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டான். வண்டியைச் சுற்றிக் கூட்டம். ராஜஸ்ரீ எல்லார் எதிரிலும் போய் நின்று, முதலில் இந்தியில் தோழர்களுக்குச் சொன்னாள். பிறகு மனோஜுக்காகத் தமிழில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். "இது மனோஜ். என் ஃப்ரெண்ட். அன்னைக்கி நான் தெரியாத மாதிரி... நாடகம் பண்ணேன். அது ரொம்ப கேவலம். சாரி."

மனோஜ் அவளைப் பார்க்காமல் ஒரு பெரியவருக்கு இட்லி வைத்துக்கொண்டே, "லைன்ல நில்லு" என்றான்.

அவள் லைனில் நின்றாள். முறை வந்தபோது அவன் இட்லி வைக்கவில்லை, சட்னிக் கரண்டியைக் கையில் கொடுத்தான். கூட்டம் தீரும்வரை அவள் சட்னி ஊற்றினாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி ஜனங்கள் கையில் விழுந்தது. சூர்யா மறுபடி மறுபடி லைனில் வந்து நின்றான். கடைசியில் கிரிஜாவே பயந்துபோய், "போதும் கண்ணா, உன் அம்மா எங்கள அடிக்க வருவாங்க" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

பவுனும் வாசுதேவனும் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கட்டும் நேரத்தில் மனோஜ் ராஜஸ்ரீயிடம் ஏதோ சொன்னான். அவள் முறைத்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

"இன்னாங்க சொல்றான்?" என்று பவுன் தவித்தாள்.

"தெரியல. எனுக்குப் பசிக்குது" என்றான் வாசுதேவன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ராஜஸ்ரீ இப்போது கட்கியில் காமர்ஸ் படிக்கிறாள். மனோஜ் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு. காலையில் இட்லி அப்படியே நடக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது காதலா, சிநேகிதமா என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு மாதம் சேர்ந்து நடப்பார்கள், அடுத்த மாதம் சண்டை. பவுன் கேட்பதில்லை. கிரிஜாவும் கேட்பதில்லையாம். இருவரும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்ளும்போது, தாங்கள் எதையும் கேட்பதில்லை என்பதைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

போன வாரம் வண்டிக்குப் புதிதாகப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று மனோஜ் பவுன் வீட்டுக்கு வந்தான். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று ராஜஸ்ரீயைக் கேட்டான். சாம்பாருக்கு என்ன ஸ்பெல்லிங் என்பதில் இருவருக்கும் தகராறு வந்தது. 'எஸ்'ஸுக்குப் பிறகு ஒரு 'ஏ' போதும் என்றாள் அவள். கர்நாடகா ஹோட்டலில் 'ஏ' இரண்டு போட்டிருக்கிறார்கள் என்றான் அவன். ஒரு மணி நேரம் நடந்தது. பவுன் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்காமல் வேலை செய்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் சாக்கில் வாசுதேவனை இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தாள். அவன் வந்து, "இன்னும் சாம்பார்லதான் கீறாங்க" என்றான்.

கடைசியில் பலகையை மராத்தியில் எழுதி மாட்டிவிட்டார்கள். வியாபாரம் நன்றாகப் போகிறது.